சுண்ணாம்பில் ஆறிய இரும்பு

என் மகளின் கதிரடிக்கும் இயந்திரத்தில் உடைந்த இரும்பை அரிசிப் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மதுராந்தகத்திலிருந்து பேருந்தில் சென்னைக்கு வந்தேன். சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்கும் வார்ப்பிரும்புத் தாங்கி அது. அதன் கால் முறிந்ததில் தண்டு துள்ளி, பெல்ட் கழன்று அவள் இடது கையில் அடித்துவிட்டது. மணிக்கட்டில் எலும்பு முறிவு. "கைதானேம்மா" என்றாள் அவள். பெல்ட் முகத்தில் பட்டிருந்தால் என்றுதான் எனக்கு நினைப்பு. முன்பின் தெரியாத ஒருவர் போனில் சொல்லித்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. இப்போதும் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கக் கை வருவதில்லை.

இயந்திரம் பழையது, செய்த கம்பெனியே இன்று இல்லை. "சென்னைல வெல்டிங் வெச்சு ஒட்ட முடிஞ்சா இந்த நெல்ல அடிச்சு முடிச்சிட்டு இங்கயே இருப்பேன். முடியலன்னா குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தாள்.

பெசன்ட் நகர் வீட்டில் நான் மட்டும்தான். பேசுவதற்கு ஆள் இல்லாமலே சில நாட்கள் போய்விடும். வந்ததும் முதல் வேலையாக அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டேன். பிறகுதான் பையைத் தூக்கிக்கொண்டு ஊரூர் குப்பத்து ஓரத்துப் பட்டறைக்குப் போனேன். படகு இன்ஜின் பாகங்களை ஒட்டிக் கொடுக்கும் பாய் அங்கே இருக்கிறார்.

அவர் இரண்டு துண்டுகளையும் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, உலரத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்த்தார். சற்று நேரத்தில் வெள்ளைப் பரப்பில் ஒரு மெல்லிய ஈரக்கோடு எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே வருகிறதாம். உடைந்த இடத்தோடு நிற்காமல் அந்தக் கோடு போல்ட் துளைவரை ஓடியிருந்தது.

"இவ்ளோ தூரம் போயிருக்கே. ஆகாது, இல்ல பாய்?" என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"ஏன் ஆவாது? கோடு முடியிற எடத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டா அதுக்கு மேல போவாது. அப்பால ஒட்டிக்கலாம்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "என் பொண்ணுக்கு போன் போட்டுத் தரேன். ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாம்மா நீ? ஒட்டச் சொல்லி வர்றாங்க, ஒட்டாதன்னு சொல்லி யாரும் வந்ததில்ல."

எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எம் புள்ள தெனம் கடலுக்குப் போறான். நான் இன்னா, படக ஒடச்சு அவன வூட்ல வெச்சிக்கினா கீறேன்?"

"ஒடச்சிருந்தா எனக்கு வேலையாவது வந்திருக்கும்" என்றார் பாய்.

"ஆமா, நீ ஒட்டிக் குடுத்துத்தான் கடலே ஓடுது!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

பாய் இரும்பை மெதுவாகச் சூடேற்றி, விரலகலம் ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டி, சற்றுப் பொறுத்து, மறுபடி விரலகலம் ஒட்டினார். முடிந்ததும் காய்ந்த சுண்ணாம்புத் தூள் நிரப்பிய டின்னுக்குள் அதைப் புதைத்தார். "தானா ஆறணும். அவசரப்பட்டுக் காத்துல வெச்சா 'டப்'புன்னு வுட்டுக்கும். நாளைக்கு வா."

மாலையில் கடற்கரைக்குப் போனேன். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தார்கள். கொதிக்கும் இரும்பு ஒன்று சுண்ணாம்புக்குள் தனியாகக் கிடப்பதை நினைத்துக்கொண்டே திரும்பினேன். அது தானாகவே வெடித்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அப்படியானால் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் பாய் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தது. "உள்ள விரிசல் இருந்தா மொத்துன்னு கேக்கும்" என்றவர், அடிப்பக்கத்தைக் காட்டினார். "இது சும்மா ஒடையல. அடியில இடைவெளி இருந்திருக்கு. ஆட்டம் குடுக்குதேன்னு போல்ட்ட மேல மேல முடுக்கியிருக்காங்க. இது வளையாது, ஒடையும். அடியில தகடு வெச்சு லெவல் பண்ணச் சொல்லு. இல்லன்னா அதே எடத்துல திரும்பப் போவும்."

பட்டறை வாசலிலேயே நின்று மகளை அழைத்தேன். ஆகாது என்று சொல்ல அப்போதும் வாய்ப்பு இருந்தது. தகட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அடியில ஒரு தகடு இருந்துச்சும்மா. துரு ஏறிக் கெடக்கே, வேஸ்ட்டுன்னு நான்தான் தூக்கிப் போட்டேன்" என்றாள். "அப்போ ஒட்டிட்டாரா?"

"ஒட்டிட்டார்."

"நாளைக்கு எடுத்துட்டு வரியா? ஒத்தக் கையால எனக்கு போல்ட் முடுக்க வரல."

திரும்பி உள்ளே போனேன். "பாய், போல்ட்ட எவ்வளவு முடுக்கணும்?"

அவர் பழைய தகடு ஒன்றை வெட்டி, தாங்கிக்கு அடியில் வைத்து, இரண்டையும் பட்டறை மேசையில் போல்ட் போட்டு, ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். நான் முடுக்கினேன். போதும் என்று அவர் சொன்ன பிறகும் என் கை இன்னொரு சுற்றுக்குப் போனது.

"வுடும்மா. அங்கயே நிறுத்து."

நிறுத்தினேன். கழற்றிவிட்டு மறுபடி முடுக்கச் சொன்னார். நிற்கவேண்டிய இடம் கைக்குப் பிடிபடும்வரை கழற்றி முடுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, மகளின் கட்டிலில் விரித்த விரிப்பை அப்படியே விட்டு அவள் அறைக் கதவைச் சாத்தினேன். பையில் இரும்போடு அந்தத் தகட்டையும் மறக்காமல் வைத்தேன்.