ஆற வைத்த முதல் குடம்

மலாவியில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்குக் குழாய்க்கிணறு போடப் போயிருந்தேன். "எங்க போனாலும் கொதிச்சாறின தண்ணிதான் குடிக்கோணும்" என்று வெள்ளவத்தை வீட்டில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. நானே காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றி வைத்ததைத் தவிர அங்கே வேறு தண்ணீரை நான் தொடவில்லை.

கிணற்றில் தண்ணீர் வந்த அன்று ஊரே கைகளில் ஏந்திக் குடித்தது. முதல் குடத்தைப் பிடித்த எஸ்தர் என்ற ஊர்ப்பெண் மட்டும் வாய் வைக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். இவ்வளவு பாடுபட்டும் நம்பவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

வெயில் சாயும்போது ஒரு கோப்பையோடு வந்தாள். என் பிளாஸ்கைக் காட்டிச் சிரித்தாள். அந்த முதல் குடத்துத் தண்ணீரை எனக்காகக் கொதிக்க வைத்து, ஆற வைத்திருக்கிறாள். ஒரே மூச்சில் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பிள்ளை அதில ஒரு வாய் குடிச்சவளோ?" என்று கேட்டா.

அதைக் கேட்கவேண்டும் என்று எனக்கு அங்கே தோன்றவே இல்லை.