மார்ட்டின் கண் திறந்த காலை

என் கணவர் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டார் என்றே நினைத்தேன், சகோதரங்களே. 2004 கோடை. லண்டனில் தோர்ண்டன் ஹீத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் என் கண்முன்னே நடந்தது அது.

என் கணவர் யோகனுக்கு பேஸ்பால் பைத்தியம். எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் போதாதா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். இலங்கையில், ஊரில், எல்லே என்ற மட்டைப்பந்து விளையாடி வளர்ந்த மனிதர், எங்கே கேட்பார்? அவர் சேர்ந்த சின்னக் கழகத்தில் இன்னும் இரண்டு தமிழரும் ஒரு ஜமேக்காக்காரரும் இருந்தார்கள். இவர்களிடம் சந்தா வாங்கினார்கள், மூட்டை தூக்கவும் விட்டார்கள். போட்டி என்று வந்தால் வெள்ளையர்கள் மட்டும்தான். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். எங்கள் ஆட்கள் தள்ளி ஒரு மரத்தடியில் நிற்பார்கள். அடுத்த கிழமை பார்ப்போம் என்பார் அணித்தலைவர் மார்ட்டின். அந்தக் கிழமை வரவேயில்லை. எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை எதிரணி வரவில்லை. தங்களுக்குள் பிரிந்து விளையாட ஆள் போதாமல் எங்கள் ஆட்களையும் கூப்பிட்டார்கள். மார்ட்டின் பந்தை அடித்துவிட்டு ஓடினார். ஓட்டத்தில் தலைக்கவசம் கழன்று விழுந்தது. பந்து யோகனின் கைக்கு வந்தது. எல்லேயில் ஓடுகிறவர்மேல் பந்தை எறிந்து பட்டால் அவர் அவுட். பேஸ்பாலில் பந்தோடு போய்த் தொடவேண்டும். இது யோகனுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் கை பழக்கத்தில் எறிந்துவிட்டது. மார்ட்டினின் காதோரத்தில் பட்டது. விழுந்தவர் எழும்பவில்லை.

வேண்டுமென்றே எறிந்தான் என்று கத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. யோகன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கோவத்திலை எறியேல்லையப்பா."

"எனக்குத் தெரியுமப்பா. வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அங்கே மார்ட்டினின் மனைவி தனியே இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். செபிக்க வேண்டும், ஆனால் அந்த மனிதருக்காக எனக்கு வாய் வரவில்லை. மரத்தடிதான் கண்ணுக்குள் நின்றது. பிறகு அந்தப் பெண்ணின் அழுகையைக் கேட்டேன். "ஆண்டவரே, இவரை எழுப்பும்" என்று தமிழில் வாய்விட்டே கெஞ்சினேன். ஒரு சொல்லும் விளங்காமலே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மார்ட்டின் கண் திறந்தார். மூளைக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்றார் டொக்டர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏன் எறிந்தாய் என்றுதான் மார்ட்டின் யோகனிடம் முதலில் கேட்டார். யோகன் எல்லேயைப் பற்றிச் சொன்னார். மார்ட்டின் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார்.

"அப்படியெண்டால் உங்கடை ஊரிலை நான் அவுட்தானே?"

"ஓம்" என்று யோகன் தமிழிலேயே சொல்லிவிட்டு அழுதார்.

அடுத்த போட்டிக்கு மார்ட்டின் கட்டுப்போட்ட தலையோடு வந்தார். தனக்குப் பதிலாக யோகன் ஆடுவார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு தன் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து, ஜமேக்காக்காரருக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களும் எழும்பி வந்தார்கள். அதன்பிறகு அந்தக் கழகத்தில் யாரும் பிரிந்து இருக்கவில்லை.

நான் கேட்டது ஓர் உயிரை மட்டும். என் தேவன் எவ்வளவு பெரியவர். சகோதரங்களே, யாருக்காகச் செபிக்க உங்களுக்கு வாய் வரவில்லையோ, அவருக்காக இன்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.