சலீம் பாயும் என் மிஷினும்

செய்தி வந்தபோது ரயிலில் கூடுவாஞ்சேரியைத் தாண்டிக்கொண்டிருந்தேன். நம் கோல்ஃப் வாட்ஸப் குழுவில் யாரோ, "பாய் போயிட்டாரு" என்று போட்டிருந்தீர்கள். "எங்க? சனிக்கிழமைக்குள்ள வந்துடுவாரா?" என்று கேட்டுவிட்டேன். பிறகு அவர் மகன் ஃபோனில் பேசினான்: "அத்தா மௌத்தாயிட்டாங்கண்ணே." இறந்துவிட்டார் என்று தெரிந்தபோதும் சனிக்கிழமைதான் மண்டையில் ஓடியது. அன்றைக்கு ஓட்டெடுப்பு. நம் ஆண்டுப் போட்டியில் தூரம் காட்டும் கருவியை அனுமதிக்கலாமா, கூடாதா? தீர்மானம் என்னுடையது. எதிர்த்தவர் சலீம் பாய் ஒருவர்தான்.

உங்களுக்குத் தெரிந்த சண்டைதான். கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இந்தக் கருவியைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், குழியில் நட்ட கொடி எத்தனை கெஜத்தில் இருக்கிறது என்று வந்துவிடும். அப்புறம் எதற்கு நின்று யோசிப்பது? அவருக்குப் புதுப்பட்டினத்தில் ஜவுளிக்கடை. "கடையில துணிய கண்ணாலயா அளந்து குடுக்குறீங்க பாய்?" என்று ஒருநாள் மடக்கினேன். "அது யாவாரம், இன்ஜினியரு. நாளெல்லாம் அளந்து பேஜாராயி இங்க ஓடியார்றேன். இங்கயும் அளக்கச் சொல்றியே!" என்றார். அது வாதமே இல்லை.

கடல் பக்கத்துக் குழியில் ஒரு காலை. என் கருவி நூற்று எழுபது என்றது. பாய், "நூத்தம்பது" என்றார். என் பந்து கொடிக்கு மேலே பறந்து பனந்தோப்புக்குள் போய் விழுந்தது. கொடியை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற பனையை அளந்திருக்கிறேன். "உன் மிஷின் மரத்துக்கு கரெக்டாதான்டா சொல்லிகீது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தன் நூற்றைம்பதை நம்பி அடித்தார். அதற்குள் எழுந்த எதிர்க்காற்றில் பந்து கொடிக்கு வெகு முன்னாலேயே மணலில் புதைந்தது. "சரி வா, நாஸ்தாவுக்குப் போலாம்."

கடைசி மாதங்களில் முதலில் தன் கணிப்பை உரக்கச் சொல்வார். அப்புறம், "இன்னா சொல்லுது உன் மிஷின்?" என்பார். கேட்டுவிட்டு எதையும் மாற்றமாட்டார். "பின்ன எதுக்குக் கேக்குறீங்க?" "நீ எவ்ளோ தப்புன்னு பாக்கத்தான்." ஒரே ஒருமுறை, என் எண்ணைக் கேட்டபின், கையிலிருந்த மட்டையைப் பையில் செருகிவிட்டு வேறொன்றை எடுத்தார். மனம் மாறிவிட்டாரா, மணிக்கட்டு வலியா? கேட்டிருக்கலாம். அதற்குள் நான் அடுத்த குழிக்கு நடந்துவிட்டேன்.

சனிக்கிழமை தீர்மானத்துக்கு ஆதரவாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. "எதிர்ப்பு?" என்று கேட்டபோது பாயின் நாற்காலியில் யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தார். என் கை மறுபடி மேலே போய்விட்டது. "இன்னா மச்சான், உன் தீர்மானத்துக்கு நீயே எதிர்ப்பா?" என்று சிரித்தீர்கள். ஏன் தூக்கினேன் என்று இன்னும் புரியவில்லை. கருவி வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். தீர்மானம் நிறைவேறியது, ஓர் எதிர்ப்புடன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது, முதலில் கணிப்பைச் சொல்லும் அந்தப் பழக்கம்தான். மறுநாள் அதே கடல் பக்கத்துக் குழியில் கருவியை எடுக்கும் முன், "நூத்தி நாப்பது" என்று வாய்விட்டுச் சொன்னேன். அளந்து பார்த்தேன். நன்றாகவே தப்பு. பின்னாலிருந்து சிரிப்பு வருமென்று கொஞ்ச நேரம் நின்றேன்.