கச்சாய்க் கிணறுகளும் ஒரு போத்தல் நல்ல தண்ணியும்

கச்சாய்ப் பக்கம் போகிறவர்கள் ஆவணி வெயிலில் போகாதீர்கள். நான் போனேன், வேறு வழியில்லை. மழை பொய்த்துக் கடலேரிக் கரைக் கிணறுகள் உவர்த்துவிட்டன என்று முறைப்பாடு வந்திருந்தது. கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். உப்பு மிஞ்சியிருந்தால் ஊர் நடு மணல் மேட்டில் பொதுக் கிணறு வெட்டித் தருவார்கள். தண்ணீர் நல்லதென்றால் அந்தக் கிணறு வேறு ஊருக்குப் போய்விடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலைக் கோச்சி ரயிலில் சாவகச்சேரிக்குப் பத்து மைல் போல. சன்னலோரம் இருந்தால் கரித்தூள் கண்ணில் விழும், அவ்வளவுதான் கஷ்டம். சந்தையில் ஒரு பாதிப் பலாப்பழம் வாங்கிக்கொண்டு கந்தையா அண்ணையின் மாட்டு வண்டியில் ஏறினேன். கச்சாய் போய்வர ஐம்பது சதம். மாடு நடக்கிற வேகத்துக்கு அது அதிகம் என்று அவரிடமே சொன்னேன். "அப்ப இறங்கி நடவுங்கோ தம்பி, மாட்டுக்கும் சுகம்" என்றார்.

அங்கே கிணற்றடி பெண்கள் குளிக்கிற இடம், சுற்றிவரக் கிடுகு வேலி. அந்நிய ஆண் வாசல் படலையைத் தாண்டி அங்கே போகமாட்டான். ஆகவே ஒவ்வொரு படலையிலும் நின்று, "தண்ணி ஒரு போத்தல் தாங்கோ" என்று வெறும் போத்தலை நீட்டினேன். கொண்டுவந்து தந்ததில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மருந்து ஒரு சொட்டு விட்டால், உப்புத் தண்ணீர் பாலாக வெளுக்கும். ஒரு வீட்டிலும் வெளுக்கவில்லை. எல்லாம் நல்ல தண்ணி! வீண் முறைப்பாடு கொடுத்து வெயிலில் அலைக்கழிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசி வீடு பூமணியுடையது. நிறைமாதம். கணவன் கடலேரிக்கு இறால் பிடிக்கப் போயிருந்தான். போத்தலை வாங்கிக்கொண்டு, "இருங்கோ ஐயா, இந்தா வாறன்" என்று உள்ளே போனவளைக் காணவே இல்லை. நானும் கந்தையா அண்ணையும் வேப்பமர நிழலில் பலாப்பழத்தை முழுதும் தின்று முடித்தோம். பிறகுதான் வந்தாள். முகமெல்லாம் வேர்வை, கால் முழங்கால் வரை புழுதி. மருந்து விட்டேன். வெளுக்கவில்லை.

கையெல்லாம் பலாப்பழப் பிசுபிசுப்பு. "கை கழுவ வேணும் தங்கச்சி" என்றேன். "கிணத்தடியிலை இப்ப ஒருத்தரும் இல்லை, போங்கோ" என்றாள். துலாவை இழுத்து ஒரு வாளி அள்ளி, கையில் சவுக்காரம் போட்டேன். நுரையே இல்லை. சவுக்காரம் திரிந்துபோய்க் கையில் ஒட்டியது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். சீ, கடலேதான்!

"தங்கச்சி, போத்தலிலை தந்த தண்ணி எங்கத்தையது?"

"பின் வேலியாலை போய்க் கோயில் கிணத்திலை அள்ளினனான் ஐயா."

"கோயில் அரை மைல் இருக்குமே!"

"ஓம். வெயிலுக்கை வந்த ஆளுக்கு உந்தச் சவரைக் குடிக்கக் குடுக்கிறதே?"

கந்தையா அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். நான் போத்தலை நீட்டியது குடிக்கக் கேட்டது என்றுதான் அந்த ஊரே நினைத்திருக்கிறது! மற்ற வீடுகளில் குடத்தில் அள்ளி வைத்திருந்ததை ஊற்றித் தந்திருக்கிறார்கள். காலையிலிருந்து நான் சோதித்ததெல்லாம் கோயில் கிணறு ஒன்றையே. என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கை கழுவாமல் வண்டியேறியிருந்தால் இவளுக்கு வரவேண்டிய பொதுக் கிணற்றை நானே வேறு ஊருக்குக் கொடுத்திருப்பேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப எங்கடை தண்ணி கூடாது எண்டு எழுதப் போறியளோ? ஊர் சிரிக்காதே?"

"எழுதினாத்தான் ஊர் நடுவிலை நல்ல தண்ணிக் கிணறு வரும். பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு கோயிலுக்கு நடக்கத் தேவையில்லை."

வயிற்றில் கை வைத்து யோசித்தாள். பிறகு வாளியைத் தூக்கி என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப வடிவாக் கூடாது எண்டு எழுதுங்கோ!"

மறுபடி எல்லா வீட்டுக்கும் போய், படலையில் நின்று அனுமதி கேட்டு, நானே துலா இழுத்து அள்ளினேன். குழாய்க்குக் குழாய் பாலாக வெளுத்தது. கோச்சியைத் தவறவிட்டேன், கவலைப்படவில்லை.

இந்த வேலையாகப் போகிறவர்கள் தண்ணீரைக் கேட்டு வாங்காதீர்கள், அனுமதி கேட்டு நீங்களே அள்ளுங்கள். சவுக்காரத் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பூமணியின் சவர்த் தண்ணீரை எடுக்க அவள் கோயில் தண்ணீர் நிரப்பித் தந்த போத்தலை முதலில் வெறுமையாக்க வேண்டியிருந்தது. கவிழ்க்கப் போனேன், கை வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.