நாற்பது வாளி வெந்நீர்

பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்காவின் நாரி நோ, அந்த இடுப்பு வலி, அவருடைய கணவர் தியாகராசா அண்ணை செத்த எட்டாம் நாள் தொடங்கியது. அதுவரை மகன் கோகுலனை இரண்டு பேராகத் தூக்கினார்கள். அண்ணை தோள்பக்கம், அக்கா கால்பக்கம். அண்ணை போன பிறகு இரண்டு பக்கமும் அக்காதான்.

கோகுலன் இருபத்தொரு வயதில் டிப்பர் லொறி ஒன்றோடு மோதுப்பட்டவன். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அது நடந்து எட்டு வருடமாகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, பிறகு குளிக்க, பிறகு திரும்பக் கட்டிலுக்கு. என் கணவர் தேவராசா வீட்டில் நிற்கும் நேரங்களில் ஓடிப்போய்த் தூக்குவார். ஆனால் மலசலம் எங்கள் வசதி பார்த்தா வரும்? தூக்கும் இயந்திரம் ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தோம். அதில் தொங்கவிட்டதும் அவனுடைய கால்கள் இழுத்துத் துள்ளின. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

எலும்பு வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"என்ரை பிள்ளை எத்தினை கிலோ எண்டு அந்தாள் கேக்கேல்லையே, சுபா," என்றார்.

கோகுலன் ஐம்பத்தெட்டுக் கிலோ.

எங்கள் ஊர் இணுவிலில் வைத்தியம் சொல்லுகிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நொச்சி இலை அவித்து ஊற்று, இந்த எண்ணெய் பூசு, அந்தப் பரியாரியிடம் போ. சொன்னவர்களில் ஒருவராவது வந்து அவனை ஒருநாள் தூக்கிவிட்டிருந்தால் நான் அவர்களைக் கும்பிட்டிருப்பேன். கீரிமலைத் தண்ணீரில் தீராத நோ இல்லை என்று யாரோ சொல்ல, அக்கா அங்கேயும் மூன்று நாள் போய் முழுகினார். அது குளிர்ந்த ஊற்று. நாலாம் நாள் அக்காவைப் புரட்டிவிடவே ஆள் தேவைப்பட்டது.

அந்த நேரத்தில்தான் அக்காவின் மகள் தர்சிகா சுவிஸிலிருந்து கதைத்தாள். அவள் அங்கே ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குகிறவள்.

"எனக்கும் உதே நாரி நோதான், அம்மா. மண்ணுக்குள்ளையிருந்து வாற சுடுதண்ணியிலை பத்துத் தரம் இருந்து குளிக்கச் சொல்லி டொக்டர் எழுதித் தந்தவர். இப்ப எவ்வளவோ சுகம். கன்னியாவிலையும் சுடுதண்ணி ஊற்றுத்தானே? போய்ப் பாருங்கோ. அதுவும் சரிவராட்டி, தம்பியை வைச்சுப் பராமரிக்கிற ஒரு இல்லத்திலை விடுவம். ஓம் எண்டு சொல்லுங்கோ."

அக்கா கோகுலனின் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு "ஓம்" என்றார். அன்று முதல் கன்னியா தவிர அந்த வீட்டில் வேறு கதை இல்லை.

தேவராசா வேலைக்கு லீவு போட்டுக் கோகுலனோடு இருந்தார். நானும் அக்காவும் முதல் பஸ்ஸில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து கன்னியாவுக்குப் போனோம். ஏழு கிணறுகளையும் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துவிட்டது. சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள். இறங்க இடமில்லை. வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். குனிந்து அள்ள முடிந்த மனுசி ஏன் அவ்வளவு தூரம் வருகிறாள்?

"அவள் இருந்து குளிக்க வேணுமெண்டெல்லோ சொன்னவள்," என்றார்.

பக்கத்தில் நனைந்த சேலையோடு நின்ற பெண், அங்கே வருகிற மற்றவர்களைப்போல நாங்களும் செத்தவர்களுக்குக் கிரியை செய்ய வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள்.

"ஆருக்கம்மா காரியம்?"

"என்ரை நாரிக்கு," என்றார் அக்கா.

நிலத்தில் இருக்கச் சொன்னேன். நான் அள்ளி அள்ளி ஊற்றினேன். உள்ளதற்குள் நல்ல சூடான கிணறாகப் பார்த்து, கழுத்திலிருந்து நாரி வரைக்கும் வழியவிட்டேன். பத்தாவது வாளியில் கண்ணை மூடினார். இருபதில் அழத் தொடங்கினார். நோவா என்று கேட்டேன், இல்லையென்று தலையாட்டினார். நாற்பதாவது வாளி ஊற்றியபோது என் கை விட்டுப்போயிற்று. அக்கா எதையும் பிடிக்காமல் எழும்பினார். வாளியை என்னிடமிருந்து பறித்து, குனிந்து அள்ளி, என் தலையில் ஊற்றினார். அவர் என்னைவிட உயரம் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அண்ணை போன பிறகு, மூன்று வருடமாக நான் கண்டது வளைந்த குணலட்சுமியை.

திரும்பி வரும் பஸ்ஸில், வவுனியா தாண்டியதும், முதுகுக்குப் பின்னால் வைக்க என் பையைக் கேட்டார். ஏனென்று கேட்டேன்.

"சும்மா," என்றார்.

நோ திரும்பிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது பொழுதுபட்டிருந்தது. அக்கா நேரே கோகுலனின் அறைக்குள் போனார். தர்சிகாவுக்கு வீடியோக் கோல் எடுத்து, போனை யன்னலில் சாத்தி வைத்தார்.

"இஞ்சை பார், பிள்ளை."

கோகுலனை ஒரே தூக்காகத் தூக்கி நாற்காலியில் இருத்தினார். தர்சிகா அந்தப் பக்கம் சந்தோசத்தில் அழுதாள். நான் வாசலில் நின்று அக்காவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வெள்ளையாகப் போயிருந்தது. போனை நிறுத்தியதும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல நிலத்தில் சரிந்தார்.

"அவளிட்டைச் சொல்லிப்போடாதை, சுபா. வாற கிழமையும் போவம். நாப்பது காணாது. எண்பது வாளி ஊத்துவம்."

"எண்பது ஊத்திப்போட்டுத் திரும்பவும் பஸ்ஸிலை குலுங்கி வாறதோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

கோகுலன் அதிகம் கதைக்காதவன். அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"அன்ரி, எனக்கு இடுப்புக்குக் கீழைதான் ஒண்டும் தெரியாது. காது நல்லாக் கேக்கும். ஒவ்வொரு தரமும் தூக்கேக்கை அம்மா பல்லைக் கடிக்கிற சத்தம் என்ரை காதுக்குப் பக்கத்திலைதான் கேக்குது. இண்டைக்குக் காலமை சாவகச்சேரி இல்லத்தோடை கதைச்சுப்போட்டன். வியாழக்கிழமை வான் வரும். அங்கிள்தான் நம்பர் எடுத்துத் தந்தவர்."

நான் தேவராசாவைத் திரும்பிப் பார்த்தேன். மனிசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உனக்கு என்னடா குறை விட்டனான்?" என்றார் அக்கா நிலத்தில் இருந்தபடியே.

"ஒண்டும் விடேல்லை, அம்மா."

அடுத்த இரண்டு நாளும் அக்கா சாப்பிடவில்லை. பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, கல்லுப்பைக் கொட்டி, என்னை ஊற்றச் சொன்னார். இன்னும் சூடாக, இன்னும் சூடாக என்றார். தோல் சிவந்து கொப்பளித்த பிறகு நான் வாளியை எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் விடவில்லை, தன் கையாலேயே ஊற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை வான் வந்தது. இரண்டு இளந்தாரிகள் இறங்கி, ஒரு மூச்சில் அவனைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இடது பக்கம் பாத்துப் பிடியுங்கோ தம்பியவை. அதிலை முந்திப் புண் இருந்தது," என்றார். அவர்கள் கதவைச் சாத்தும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் சாவகச்சேரிக்குப் போய் வருகிறார். சில நாள் நானும் கூடப் போவேன். இல்லத்தின் வாசல் வந்ததும் நாரியில் கை வைத்துக்கொள்வார், ஒரு பக்கம் சரிந்துதான் உள்ளே நடப்பார். பாவம் மனுசி, நோ தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வளவில் தேங்காய் ஒன்று விழுந்தது. நான் எடுக்கப் போவதற்குள் அக்கா வேலிப்பொட்டால் நுழைந்து வந்து, சட்டென்று குனிந்து, எடுத்து, நிமிர்ந்தார். முனகல் இல்லை. முகம் சுளிக்கவுமில்லை.

"அக்கா, நாரி?"

களவெடுத்துப் பிடிபட்டவர்போல என்னைப் பார்த்தார். தேங்காயை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"நோ இல்லை, சுபா. ஒரு மாதமாய் இல்லை."

நான் கை நீட்டினேன், அவர் தேங்காயை விடவில்லை.

"கோகுலனுக்குச் சொல்லிப்போடாதை," என்றார். "தான் போனதாலை எனக்குச் சுகம் எண்டு அறிஞ்சானெண்டால், அவன் திரும்பி வரவே மாட்டான்."