கறுப்பு டேப்

ஆர்லிஸ் நேற்று மேட்டில் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். அமெரிக்காவின் கிழக்கு மோன்டானாவில், ஆகஸ்ட் மாத வறட்சியில், அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஊரிலிருந்து தொட்டி நிறையப் பிடித்துவந்த பிக்கப் பாதி மேட்டில் உதறி, இருமி, உயிரை விடப் பார்த்தது. வேறு வழியில்லாமல் வால்வைத் திறந்தாள். பாரம் குறைந்ததும் வண்டி ஏறிவிட்டது. வீட்டில் கிடேரிகள்தான் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றன. கிணறு உப்பாகிப் போனதிலிருந்து அவற்றுக்கு இந்த வண்டிதான் கிணறு.

"ஆக்சிலேட்டர்ல கால வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தா எந்த எஞ்சின்தான் தாங்கும், ஆர்லி?" என்றான் புருஷன் வெண்டல். இதையே ஊர் உணவகத்தின் காலைக் காப்பிக் கூட்டத்திலும் சொல்லிவைத்திருந்தான். பதினோரு வயதில் தானிய லாரி ஓட்டப் பழகியவள் அவள். அறுவடைக்கு அறுவடை அப்பாவின் லாரியை ஓட்டியவள். அவள் காலைப் பற்றி இவன் பேசுகிறான்!

இன்று காலை அவன் நண்பன் ஒருவனின் காரில் காப்பிக்குப் போனதும் பக்கத்துப் பண்ணையிலிருந்து கோளாறு எண் காட்டும் கருவியை இரவல் வாங்கிவந்தாள். அதைச் சொருகக் குனிந்தபோதுதான், டாஷ்போர்டில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருந்ததைக் கவனித்தாள். உரித்தாள். அடியில் எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு. சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பினால் மின்னி மின்னி எரிந்தது. அது நிலையாக எரிந்தால் வீடு போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். மின்னினால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். அந்த எச்சரிக்கையைத்தான் இந்த மனிதன் மூடி மறைத்திருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

"மடையன்" என்றாள் வண்டியிடம். வண்டி மறுக்கவில்லை.

ஐந்தாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றது கருவி. வெண்டலும் இதே எண்ணை உதிரிபாகக் கடையில் பார்த்துவிட்டுத்தான் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினான், பிறகு பிளக்கை மாற்றினான், அதற்கும் விளக்கு அணையாததால் டேப் ஒட்டினான். ஆர்லிஸ் எதையும் வாங்கவில்லை. ஐந்தின் காயிலை மூன்றிலும், மூன்றின் காயிலை ஐந்திலும் போட்டாள். கோளாறு இடம் மாறவில்லை. பிளக்குகளையும் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் ஐந்துதான். அப்படியானால் காயிலிலும் குற்றமில்லை, பிளக்கிலும் குற்றமில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேல்மூடியைக் கழற்றி, டார்ச்சை அடித்து, கையை எஞ்சினுக்குப் பின்னால் விட்டாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தால் எலிக்கூடு. பக்கத்திலேயே ஐந்தாம் காயிலுக்குப் போகும் ஒயர் கடிபட்டு, செம்பு பளபளத்தது. கூட்டிலிருந்து லாவெண்டர் மணந்தது.

துணி உலர்த்தும் இயந்திரத்தில் அவள் போடும் வாசனைத் தாள்! பெட்டி பெட்டியாகக் காணாமல் போனவை எல்லாம் இங்கே நாராகக் கிழிந்து கிடந்தன. அந்த மணத்துக்கு எலி அண்டாது என்பது காப்பிக் கூட்டத்து ஆர்வில் சொல்லும் வைத்தியம். அதை நம்பித் தாள்களைத் திருடி எஞ்சினுக்குள் செருகியது யாரென்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடிபட்ட ஒயரை வெட்டி, இணைத்து, வெண்டலின் டேப் சுருளை எடுத்து இறுகச் சுற்றினாள். கறுப்பு டேப்புக்கு இடம் இதுதான்.

ஊருக்குப் போய்த் தொட்டியை நிரப்பியதும் நேராக உணவகத்துக்குள் நுழைந்து, வெண்டலின் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் கூட்டைப் பொத்தென்று போட்டாள்.

"இப்ப சொல்லு. என் கால்தான் காரணம்னு இவங்க முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லு."

வெண்டல் கூட்டைப் பார்த்தான். ஆர்வில் தன் காப்பியைப் பார்த்தான்.

"அந்த வாசனை எலிக்கு ஆகாதுன்னு..." என்று இழுத்தான் ஆர்வில்.

"ஆகாதா? மெத்த தச்சுப் படுத்திருக்குய்யா!"

மேசையே சிரித்தது. தப்பித்தோம் என்று வெண்டலும் சிரித்தான்.

"நீ சிரிக்காத. கிடேரிங்க நேத்திலேர்ந்து நாக்கு வறண்டு நிக்குதுங்க. தண்ணிய மண்ணுல ஊத்துனேன் நான். வெளக்கு தெரிஞ்சிருந்தா அந்த மேட்டுல ஏத்தியிருப்பேனா?"

சிரிப்பு நின்றது. அவள் வெளியேறி ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்து ஓட்டுநர் கதவருகே நின்றான். இருவரும் சேர்ந்து போனால் அவன்தான் ஓட்டுவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவள் நகர்ந்து உட்காரவில்லை.

"அந்தப் பக்கம் ஏறு."

சுற்றிப் போய் ஏறினான். மேடு வந்தது. பின்னால் தொட்டி நிறையத் தண்ணீர். டேப் ஒட்டியிருந்த இடத்தில் பிசின் மட்டும் மிச்சமிருந்தது, விளக்கு எரியவில்லை. வெண்டலின் கண் அந்த இடத்தை விட்டு அகலவே இல்லை.

"கொஞ்சம் மெதுவா..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டான்.

ஆர்லிஸ் காலை இன்னும் அழுத்தினாள். மேட்டின் உச்சியில், வண்டிச் சத்தம் கேட்டு வேலி ஓரமாக ஓடிவரும் கிடேரிகள் தெரிந்தன.