அணைத்த பிறகும் ஓடிய மின்சாரம்

சில ஆண்டுகளுக்கு முன், மும்பையில் ஒரு ஜூலை மாத மழை நாளில் நடந்தது இது. அப்போது செம்பூரில் ஒரு கல்லூரியில் எம்.டெக் படித்துக்கொண்டிருந்தேன். வீடு தாராவியில்.

அன்று லேபில், நானோ அளவிலான இரண்டு டிரான்சிஸ்டர்களை அடுத்தடுத்து இணைத்து, மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரிக்கும் சர்க்யூட் ஒன்றைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்த்தேன். நடுவில் சரிபாதி வந்தது. பிறகு சும்மா ஒரு சோதனைக்காக இரண்டையும் அணைத்துவிட்டு ஓட்டினேன். ஒன்றும் வராது என்று நினைத்தேன். அப்போதும் பாதி நின்றது. எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று முதலிலிருந்து வரைந்தேன். திரையில் அதே கோடு, அசையாமல். பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போலிருந்தது.

பக்கத்திலிருந்த, மாட்டுங்காவிலிருந்து வரும் தோழி எட்டிப் பார்த்தாள். "தப்பெல்லாம் இல்லடி. இவ்ளோ சின்ன சைஸ்ல ஆஃப்னு ஒண்ணு கிடையாது. கசிஞ்சுண்டேதான் இருக்கும்."

சாயங்காலம் வீடு திரும்பியபோது எங்கள் சந்தில் தண்ணீர். கரண்ட் இல்லை, ஒரே இருட்டு. எங்கள் அறை மாடியில். இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். கீழே தையல் பட்டறை வைத்திருக்கும் பாய் வாசலில் நின்றிருந்தார்.

"தண்ணி ஏறுதுன்னு மெயினை ஆஃப் பண்ணியாச்சும்மா. பயப்படாம ஏறு."

ஏணியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். ஏணியடிக் கல்லில் ஒரு பெருச்சாளி விறைத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் அது புதிதில்லை. ஆனால் பாய் சொன்ன 'ஆஃப்' என்ற சொல் அப்போதுதான் உறைத்தது; கை நின்றுவிட்டது. அதே நேரம் மேலே அம்மா, என் பையை வாங்க, ஏணியில் கால் வைக்கப் போனாள்.

"அம்மா, ஏணியத் தொடாத. உள்ள போ."

"ஏன் பிள்ள, என்னாச்சு?" என்றபடி காலைப் பின்னுக்கு எடுத்தாள்.

பாயிடம் டெஸ்டர் கேட்டேன். "கரண்டே இல்லியே, எதுக்கு?" என்றார். இருந்தாலும் எடுத்து வந்து, மர ஸ்டூலில் நின்று ஏணியில் வைத்தார். அந்த இருட்டில் டெஸ்டருக்குள் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

பின்சந்துக்கு வேறு லைன். அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அங்கிருந்து வந்த ஒரு ஒயர், மேல்தோல் உரிந்து எங்கள் தகரக் கூரையில் கிடந்திருக்கிறது. ஏணியின் தலை அந்தத் தகரத்தோடு கட்டப்பட்டிருந்தது. பாய் ஓடிப்போய் அந்த மெயினை அணைக்கச் சொன்ன பிறகுதான் பொட்டு மறைந்தது. அப்புறமும் அம்மா வெகுநேரம் இறங்கவில்லை.

இப்போது எனக்கு வேலை வேறு ஊரில். அன்று கை நின்றது என் புத்திசாலித்தனத்தால் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை. மழை பெய்தால், அம்மாவின் குரலைப் போனில் ஒருமுறை கேட்காமல் இன்றும் எனக்கு நிம்மதி வருவதில்லை.